கொண்டுவந்த ஆளைத் திருப்பி அனுப்புதல்

1

'ஆட்கொணர்வு மனு' என்ற சொல்லை என் வயதுக்காரர்கள் பெரும்பாலும் 'ஜெய் பீம்' பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். 2021 தீபாவளி சமயத்தில் வந்த படம். அதில் சூர்யா நடித்த வழக்கறிஞர் சந்துரு நீதிமன்றத்தில் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்விதான்: ஆள் எங்கே? ஓடிப்போய்விட்டார்கள் என்கிறது போலீஸ். அது பொய். அந்தப் பொய்யை உடைப்பதுதான் படத்தின் கதை. பொய் உடைந்ததும் நமக்கு ஒரு நிம்மதி வருகிறது, செத்தவர் திரும்பி வரப்போவதில்லை என்றாலும்.

நான் இங்கே பேச வருவது இன்னொரு வகை ஆட்கொணர்வைப் பற்றி. இதில் ஆள் எங்கே என்ற சந்தேகமே கிடையாது. அரசு எதையும் ஒளிக்கவில்லை. "ஆமாம், எங்களிடம்தான் இருக்கிறார். இதோ உத்தரவு, இதோ கையெழுத்து" என்று தாளை எடுத்து நீட்டுகிறது. நீதிபதி அந்தத் தாளைப் பார்க்க வேண்டும். தாள் சரியாக இருந்தால் மனுதாரரைத் தடுப்புக் காவலுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். சரியாக இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். விட்ட பிறகு, வாசலிலேயே இன்னொரு தாளோடு போலீஸ் நின்றால்?

சிங்கப்பூரில் இது நடந்திருக்கிறது. அதைப் பற்றி இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று 1988 டிசம்பர் 8 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. சட்ட மாணவர்கள் அதை 'சிங் சுவான் ட்ஸே வழக்கு' என்பார்கள். இன்னொன்று, அந்த வழக்கின் மனுதாரர்களில் ஒருவரான வழக்கறிஞர் தியோ சோ லுங் 2010இல் வெளியிட்ட 'பியோண்ட் தி புளூ கேட்' என்ற நினைவுக்குறிப்பு. நான் சட்டம் படித்தவனில்லை, பொறியாளன். தீர்ப்பையும் புத்தகத்தையும் இலக்கிய வாசகனாகத்தான் படித்தேன். தீர்ப்பும் ஒரு எழுத்துதானே? அதற்கும் ஒரு கதைசொல்லி உண்டு, குரல் உண்டு. எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தேர்வு உண்டு. நாவலிடம் கேட்கும் கேள்விகளை இதனிடமும் கேட்கலாம் என்றுதான் தோன்றியது.

2

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1987 மே 21 அன்று, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 16 பேர் கைதானார்கள். ஜூனில் மேலும் 6 பேர். அரசாங்கத்தைக் கவிழ்க்க மார்க்சிய சதி என்பது குற்றச்சாட்டு. கைதானவர்கள் வழக்கறிஞர்கள், கத்தோலிக்கத் தேவாலயத்தோடு இணைந்து சமூகப் பணி செய்தவர்கள், நாடகக்காரர்கள். யார் மீதும் நீதிமன்றத்தில் வழக்கு இல்லை. அந்தச் சட்டத்துக்கு விசாரணை தேவையில்லை. ஒரு உத்தரவில் 2 ஆண்டு வரை தடுத்து வைக்கலாம், பிறகு புதுப்பிக்கலாம்.

அந்த ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானோரை விட்டுவிட்டார்கள். 1988 ஏப்ரல் 18 அன்று, விடுதலையானவர்களில் 9 பேர் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். சதி என்பதே பொய், விசாரணையில் தங்களைத் துன்புறுத்தினார்கள் என்றது அறிக்கை. மறுநாளே, நாட்டில் இருந்த 8 பேரும் மறுபடி கைது. அவர்களுக்காக வாதாட வந்த ஃபிரான்சிஸ் சியோவ் முன்னாள் தலைமைச் சட்ட அதிகாரிகளில் ஒருவர், வழக்கறிஞர் சங்கத்தின் முன்னாள் தலைவர். மே 6 அன்று கட்சிக்காரர்களைப் பார்க்க விட்லி ரோடு தடுப்புக் காவல் நிலையத்துக்குப் போனவரை அங்கேயே கைது செய்தார்கள். 72 நாள் உள்ளே இருந்தார். நாவலில் எழுதினால் 'கொஞ்சம் ஓவரா இருக்கே' என்று ஆசிரியர் வெட்டச் சொல்லியிருப்பார்.

உள்ளே இருந்தவர்களில் நான்கு பேர், தியோ சோ லுங், சிங் சுவான் ட்ஸே, கெவின் டி சூசா, வோங் சூக் யீ, ஆட்கொணர்வு மனுவோடு மேல்முறையீடு வரை போனார்கள். தலைமை நீதிபதி வீ சோங் ஜின், நீதிபதிகள் எல். பி. தியன், சான் செக் கியோங் ஆகிய மூவர் அமர்வு அதைக் கேட்டது. டிசம்பர் 8 அன்று அவர்கள் சொன்னது: தடுப்பு உத்தரவு செல்லாது, விடுதலை செய்யுங்கள். நால்வரும் விடுவிக்கப்பட்டார்கள். அதே நாளில், தடுப்புக் காவல் நிலையத்தின் வாசலைத் தாண்டியதும், புதிய உத்தரவுகளோடு நால்வரும் மீண்டும் கைதானார்கள்.

சட்டப்படி அது விடுதலைதான். எத்தனை நிமிடம் என்பது வேறு விஷயம்.

3

தீர்ப்பு முழுக்கச் சுற்றிவருவது ஒரு சொல்லை. அந்தச் சட்டத்தின் வாசகப்படி, ஒருவரைத் தடுத்து வைப்பது அவசியம் என்று அதிபர் 'திருப்தி' அடைந்தால் உத்தரவு போடலாம். அதிபர் என்றால் நடைமுறையில் அமைச்சரவை.

தமிழில் 'திருப்தி' எவ்வளவு சாதாரணமான சொல்! சிராங்கூன் சாலையில் வாழையிலைச் சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வரும்போது கல்லாவில் இருக்கும் அண்ணன் கேட்பார்: "சாப்பாடு திருப்தியா?" நான் ஆமாம் என்றால் விஷயம் முடிந்தது. என் வயிற்றுக்குள் போய் யாரும் சரிபார்க்க முடியாது. என் திருப்திக்கு நான் மட்டுமே சாட்சி.

அமைச்சரின் திருப்தியும் அப்படித்தானா? 1988 வரை சிங்கப்பூர் நீதிமன்றத்தின் பதில் 'ஆமாம்'. அந்தப் பதில் 1971இல் எழுதப்பட்டது. 'நன்யாங் சியாங் பாவ்' சீன நாளிதழின் பொது மேலாளராக இருந்த லீ மாவ் செங் தடுத்து வைக்கப்பட்டார். வழக்கறிஞரைப் பார்க்க அவரை விடவில்லை. அது அரசியலமைப்பு அவருக்குத் தந்த உரிமை, அது மீறப்பட்டது என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த மீறலால் காவல் சட்டவிரோதம் ஆகிவிடாது என்றும் சொன்னது. அமைச்சரின் திருப்தி அமைச்சருக்குள்ளே நடப்பது, நீதிமன்றம் அதற்குள் நுழைய முடியாது. மனு தள்ளுபடி. உன் உரிமை மீறப்பட்டது உண்மைதான், இப்போது காவலுக்குத் திரும்பிப் போ. கேட்க ஏதோ காஃப்கா கதை மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. படி படியாகப் போய்த்தான் அந்த இடத்தை அடைகிறது. எனக்குப் பயம் வந்தது அதனால்தான்.

அந்த 1971 தீர்ப்பை எழுதியவர் வீ சோங் ஜின். 1988 அமர்வுக்குத் தலைமை தாங்கியவரும் அதே வீ சோங் ஜின்.

பதினேழு ஆண்டு இடைவெளியில் ஒரே கை எழுதிய இரண்டு பிரதிகளை அடுத்தடுத்து வைத்துப் படிப்பது அபூர்வமான அனுபவம். இரண்டாவது பிரதி முதலாவதை மறுக்கிறது. வரம்பில்லாத அதிகாரம் என்று ஒன்று சட்டத்தின் ஆட்சியில் இருக்க முடியாது, எல்லா அதிகாரத்துக்கும் சட்டம் போட்ட எல்லை உண்டு, அந்த எல்லை தாண்டப்பட்டதா என்று நீதிமன்றம் பார்த்தாக வேண்டும் என்கிறது. அமைச்சர் 'எனக்குத் திருப்தி' என்று சொன்னால் போதாது. நியாயமான ஆதாரம் இருந்ததா என்று வெளியிலிருந்து பார்க்க வேண்டும். சாப்பாடு நன்றாக இருந்தது என்று நீ சொன்னால் போதாதுப்பா, இலையைக் காட்டு.

ஆனால் எழுத்தாகப் பார்க்கும்போது எனக்கு ஒரு குறை படுகிறது. 1988இன் குரலில் 1971இன் நினைவு இல்லை. பழைய தீர்ப்பு ஒரு முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ளப்பட்டு, விவாதிக்கப்பட்டு, ஒதுக்கப்படுகிறது. யாரோ எழுதியதைப் போல. நீதிமன்றத்தின் குரல் அப்படித்தான் பேசும், தெரியும். அந்தக் குரலில் 'நான்' கிடையாது. ஆனால் லீ மாவ் செங் என்ற மனிதரை உள்ளே திருப்பி அனுப்பியது ஒரு 'நான்'தான் இல்லையா?

4

இனி தீர்ப்பின் அமைப்பு. என் தொழில் புத்தி இங்கேதான் விழித்துக்கொண்டது.

தீர்ப்பில் இரண்டு அடுக்கு இருக்கிறது. ஒன்று குறுகியது: அமைச்சரவையோ, அதிகாரம் பெற்ற அமைச்சரோ உண்மையில் திருப்தி அடைந்தார் என்பதற்கு அரசுத் தரப்பு போதிய சான்று தரவில்லை. ஆகவே உத்தரவு செல்லாது. வழக்கு இதோடு முடிந்துவிடுகிறது. நால்வரையும் வெளியே விட இதுவே போதும். ஆனால் நீதிபதிகள் நிறுத்தவில்லை. வாதங்கள் விரிவாக வைக்கப்பட்டதால் மற்றதையும் பேசுகிறோம் என்று, நான் மேலே சொன்ன அத்தனை பெரிய விஷயத்தையும் இரண்டாவது அடுக்கில் எழுதுகிறார்கள். சட்ட மொழியில் அது தீர்ப்புக்குத் தேவைப்படாமல் போகிற போக்கில் சொன்னது. அந்தப் பகுதிதான் இன்று வரை மேற்கோள் காட்டப்படுகிறது.

ஒரு பொறியாளன் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? பிழை இருப்பது ஒரு படிவத்தில். அந்தப் படிவத்தைச் சரியாக நிரப்பி மறுபடி அனுப்பினால் சிஸ்டம் ஏற்றுக்கொள்ளும். அடிப்படை வடிவமைப்பில் கோளாறு என்று தனியாக ஒரு நீண்ட குறிப்பு இருக்கிறது, ஆனால் வாசலைத் திறந்தது அந்தக் குறிப்பு அல்ல. அரசு செய்தது அதைத்தான். படிவத்தைச் சரியாக நிரப்பியது. சில நிமிட வேலை.

வழக்கறிஞராக இருக்கும் சொந்தக்கார அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். தேக்காவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். "தம்பி, ஜட்ஜ் என்ன பண்ணுவாரு சொல்லு. சின்ன காரணம் இருக்கும்போது பெரிய காரணத்துல தீர்ப்பு எழுதக்கூடாதுன்னுதான் அவங்களுக்குச் சொல்லித் தருவாங்க. அதை மீறி அவ்வளவு எழுதினதே பெருசு" என்றார். நியாயம்தான். அடக்கம் நீதிபதிக்கு ஒரு பண்பு. 'அவ்வளவும் எழுதிவிட்டு, ஏன் கடைசிப் படியில் நிற்க வேண்டும்?' என்ற கேள்வி அப்படியும் எனக்குப் போகவில்லை. பெரிய காரணத்தின் மீதே விடுதலையை எழுதியிருந்தால், புதிய உத்தரவுக்குப் புதிய தாள் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும் என்றாகியிருக்கும். சதி நடந்ததா என்ற கேள்வியை யாராவது கேட்டிருக்க வேண்டியிருக்கும். அந்தக் கேள்வி, 1987 மே மாதத்தின் ஒரே உண்மையான கேள்வி, இந்தத் தீர்ப்பின் எந்தப் பத்தியிலும் விசாரிக்கப்படவில்லை.

அதன் பிறகு அந்த வாய்ப்பும் போய்விட்டது. 1989 ஜனவரியில் நாடாளுமன்றம் அரசியலமைப்பையும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தையும் திருத்தியது. திருத்தத்தில் புதிதாக வந்த 8பி பிரிவை முதல்முறை படித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பிறகுதான் உறைத்தது. தடுப்பு உத்தரவுகளை நீதிமன்றம் பரிசீலிப்பது பற்றிய சட்டம் 1971 ஜூலை 13 அன்று சிங்கப்பூரில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும் என்கிறது அது. லீ மாவ் செங் வழக்கில் தீர்ப்பு வந்த நாள் அது. நாங்கள் தினமும் செய்கிற வேலை இது. புது வெர்ஷனில் பிரச்சினையா, பழைய வெர்ஷனுக்குத் திரும்பு. தேதி போட்டு, நாள் குறித்து. நடைமுறை விதிகள் பின்பற்றப்பட்டனவா என்பதை மட்டும் இனி நீதிமன்றம் பார்க்கலாம். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளில் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு போகும் வழியும் மூடப்பட்டது.

தியோ சோ லுங் மறுபடி நீதிமன்றம் போனார். இப்போது நீதிபதிகளின் கையில் இருந்தது திருத்தப்பட்ட சட்டம். மனு தள்ளுபடியானது, மேல்முறையீடும் தோற்றது. அவர் வெளியே வந்தது 1990 ஜூனில், அரசே விட்டபோது.

5

தீர்ப்பில் நான்கு பெயர்கள் இருக்கின்றன. நான்கு ஆட்கள் இல்லை. அவர்களுக்கு முகம் கிடையாது, தூக்கம் கிடையாது, குளிர் கிடையாது. ஆட்கொணர்வு வழக்கின் தீர்ப்பிலேயே ஆள் இல்லாமல் போவதை என்னவென்று சொல்ல? அந்த ஆளைத்தான் 'பியோண்ட் தி புளூ கேட்' கொண்டுவருகிறது. தலைப்பில் வரும் நீல வாசல், விட்லி ரோடு நிலையத்தின் வாசல்.

நம் சிறை எழுத்துகளை நினைத்துக்கொண்டு இந்தப் புத்தகத்துக்குள் போனால் ஏமாற்றமாக இருக்கும். உருக்கம் இல்லை. கொள்கை முழக்கம் இல்லை. கைது, விசாரணை அறை, குளிர், கேள்விகள், முதல் விடுதலை, மறு கைது, நீதிமன்றம் என்று தேதி வரிசையில் நகர்கிறது. எழுதியவர் வழக்கறிஞர் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று பதிவு செய்துகொண்டே போகிறார். பிரமாணப் பத்திரம் எழுதிப் பழகிய கை.

முதலில் இது எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, நடுவில் ஒரு வாரம் மூடியே வைத்துவிட்டேன். பிறகு இந்த நடையின் காரணம் புரிந்தது. இவர் மீதான குற்றச்சாட்டை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. சாட்சிக் கூண்டில் ஏறும் வாய்ப்பே கிடைக்காதவர். அந்த வாய்ப்பை இருபது ஆண்டு கழித்துத் தானே எடுத்துக்கொள்கிறார். சாட்சிக் கூண்டில் நிற்பவர் உவமை சொல்ல மாட்டார். சொன்னால் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். வறட்சியான நடை இங்கே ஒரு நேர்மை.

ஆனால் அதே நடை ஓர் இடத்தில் கைவிடுகிறது. டிசம்பர் 8 மாதிரி ஒரு நாள், ஒரு மனிதரின் வாழ்க்கையில் வருவது. மூன்று நீதிபதிகள் உன் பக்கம் பேசிவிட்டார்கள். வாசல் திறக்கிறது. வெளியே வெயில். பிறகு அந்தப் புதிய தாள். சட்டத்தின் மேல் நம்பிக்கை வைத்து அதையே தொழிலாகக் கொண்டவருக்கு அந்த நிமிடத்தில் உள்ளே என்ன ஆனது? தோற்ற வழக்கை விட ஜெயித்த வழக்கு ஒருவரை அதிகம் உடைக்கும் அல்லவா? அந்த இடத்தில் நான் இன்னும் அதிகம் எதிர்பார்த்தேன். சாட்சி நிதானமாகவே பேசுகிறார். அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்வதா, இன்னும் மூடியிருக்கும் ஒரு வாசல் என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்கு முடிவு செய்ய முடியவில்லை.

நால்வரில் இன்னொருவரான வோங் சூக் யீ நாடகக்காரர். 2016இல் 'டெத் ஆஃப் எ பெர்ம் செக்' என்று ஒரு நாவல் எழுதினார். நாவல் தொடங்குவது ஒரு நிரந்தரச் செயலாளரின் மரணத்தில். அரசாங்கத்தின் உள்ளறைகளுக்குள் போக ஒருவர் நினைவுக்குறிப்பையும் மற்றவர் புனைவையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம்.

6

தமிழ் வாசகர்களாகிய நமக்கு நீதிபதி என்றால் மனதில் வருவது யார்? மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன். தன் தீர்ப்பு தவறு என்று தெரிந்த கணத்தில் உயிர்விட்ட பாண்டியன் நெடுஞ்செழியன். இருவருமே அரசர்கள். சட்டமும் அவர்களே, தண்டனையும் அவர்களே. நீதி என்பது அவர்களுடைய மனதின் உயரம். 'எனக்கு உடன்பாடில்லை, ஆனால் சட்டம் இப்படி இருக்கிறது, நீ உள்ளே போ' என்று சொல்ல நேரும் ஒருவர் நம் பழைய கதைகளில் இல்லை. அதனால்தான் இப்படிப்பட்ட நீதிபதியைப் பார்த்தால் நமக்கு இரண்டே சொற்கள்தான் வருகின்றன: கோழை, அல்லது தெய்வம்.

ஆனால் சிலப்பதிகாரத்தை இந்தக் கோணத்தில் மறுபடி படித்தால் ஒன்று தெரிகிறது. பொற்கொல்லன் பேச்சைக் கேட்ட பாண்டியன் சிலம்பைக் கொண்டுவரச் சொல்கிறான். ஆளைக் கொண்டுவரச் சொல்லவில்லை. கோவலன் கடைசி வரை அரசன் முன்னால் நிற்கவே இல்லை. நின்றிருந்தால் மாணிக்கமா முத்தா என்ற கேள்வி அப்போதே வந்திருக்கும். ஆட்கொணர்வு இல்லாத ஊரின் கதை என்று அந்தக் காப்பியத்தைச் சொல்லலாம். கண்ணகி கொண்டுவந்தது மனு, ஆனால் ஆள் போய்ச் சேர்ந்த பிறகு.

நவீன நீதிபதிகளில் இந்த இக்கட்டைத் தெளிவாகச் சந்தித்தவர்கள் மறுத்தெழுதியவர்கள்தான். 1941இல் லண்டனில், போர்க்காலத்தில், லிவர்சிட்ஜ் வழக்கு. அமைச்சர் நம்புவதாகச் சொன்னால் போதும் என்றது பெரும்பான்மை. 1971இல் சிங்கப்பூர் நடந்தது இந்த வழியில்தான். தனியாக மறுத்த அட்கின் பிரபு, லூயிஸ் கரோலின் ஹம்ப்டி டம்ப்டியைத் தீர்ப்புக்குள் கூட்டி வந்தார். சொல்லுக்குத் தான் நினைத்ததே பொருள் என்று அடம் பிடிக்கும் முட்டை. ஒரு சொல்லின் பொருளைக் காப்பாற்ற ஒரு நீதிபதி குழந்தைக் கதைக்குப் போனார். 1976 ஏப்ரல் 28 அன்று டெல்லியில், நெருக்கடிநிலைக் காலத்தில், ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னபோது எச். ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அடுத்த ஆண்டு அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி இளையவருக்குப் போனது. அவர் ராஜினாமா செய்தார். அந்த நெருக்கடிநிலையில் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகளுக்கு நடந்ததைப் பிறகு விசாரித்தவர் நீதிபதி மு. மு. இஸ்மாயில், கம்பனில் ஊறியவர். அவர் விசாரணை தொடங்கியபோது சிட்டிபாபு உயிரோடு இல்லை.

இவர்களோடு வைத்துப் பார்த்தால் 1988 அமர்வு எங்கே நிற்கிறது? அவர்கள் மறுத்தெழுதவில்லை, மூவரும் ஒரே குரல். அவர்கள் மனுதாரரைத் திருப்பி அனுப்பவும் இல்லை. திருப்பி அனுப்பப்படக்கூடிய வகையில் விட்டார்கள்.

7

டிசம்பர் 8 என்றால் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு நினைவு வருவது வேறு ஆண்டு. 2013. ஞாயிற்றுக்கிழமை இரவு, லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ஷியர் சாலையும் சேரும் இடத்தில், தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம். 25 ஆண்டு கழித்து அதே தேதி என்பது தற்செயல், அதில் அர்த்தம் தேட மாட்டேன். ஆனால் பிறகு நடந்ததைத் தேடத்தான் வேண்டும். கடைசியில் 25 பேர் மீது வழக்கு நடந்தது. 57 பேர் வழக்கே இல்லாமல் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கலைந்து போகச் சொல்லியும் போகவில்லை என்பது அவர்கள் மீதிருந்த புகார். அது வேறு சட்டம், வேறு அதிகாரம், தடுப்புக் காவலோடு ஒன்றாக வைக்க முடியாது. ஆனாலும் 25க்கும் 57க்கும் உள்ள வித்தியாசம் என்ன? 25 பேருக்கு நீதிபதி என்று ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் தண்டனைகூடக் கொடுக்கலாம், ஆனால் காரணம் எழுத வேண்டும். 57 பேரைப் பற்றி நாம் எடுத்துப் படிக்க ஒரு தீர்ப்புகூட இல்லை.

திருப்பி அனுப்புகிற நீதிபதிகூட ஏன் தேவை என்பது எனக்கு இந்த இடத்தில்தான் விளங்கியது. எழுதப்பட்ட காரணத்தோடு வாதாடலாம். எழுதப்படாததோடு என்ன செய்வது?

எழுதியது எங்கே போய்ச் சேரும் என்று சொல்லவும் முடியாது. 2015 நவம்பரில், கால்பந்து ஆட்ட முடிவுகளை விலைபேசியதாகச் சொல்லப்பட்ட டான் சீட் எங் என்பவரைத் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான அமர்வு விடுவித்தது. அவர் இருந்தது வேறொரு தடுப்புச் சட்டத்தின் கீழ். அவருடைய செயல்கள் சிங்கப்பூரின் பொதுப் பாதுகாப்பை எப்படிப் பாதித்தன என்பதை உத்தரவு காட்டவில்லை என்றது அமர்வு. எதை ஆதாரமாகக் கொண்டு? 1988இன் இரண்டாவது அடுக்கை. நால்வருக்கு உதவாத அந்த நீண்ட குறிப்பு, 27 ஆண்டு கழித்து, அவர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவருக்கு வாசலைத் திறந்தது. ஆறு நாளில் அவரும் மறுபடி கைதானார், இந்த முறை விரிவான காரணங்களோடு. 2018இல் அந்தச் சட்டமும் திருத்தப்பட்டது, அமைச்சரின் முடிவே இறுதி என்று. வழக்கமான நீதிமுறைப் பரிசீலனை இன்னும் உண்டு என்று அரசு விளக்கம் சொன்னது. அண்ணனிடம் இதையும் சொன்னேன். "பாத்தியா, சில நிமிஷம் ஆறு நாள் ஆயிருக்கு" என்றார். கிண்டலா என்று கேட்டேன். இல்லை என்றார்.

1988 தீர்ப்பு நல்ல எழுத்தா? பாதி. அதன் இரண்டாவது பாதி, ஆங்கிலத்தில் அதிகாரத்தைப் பற்றி இந்த ஊரில் எழுதப்பட்ட மிகத் தெளிவான உரைநடைகளில் ஒன்று என்பேன். முதல் பாதி, தன் வாசகர்களில் நான்கு பேரை வாசலோடு விட்டுவிட்ட எழுத்து. நினைவுக்குறிப்பு அந்த நால்வரில் ஒருவரை நமக்குத் தருகிறது, ஆனால் தன் காயத்தை அளந்துதான் காட்டுகிறது. ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கிறது. தனித்தனியாகப் படிக்க வேண்டாம். தீர்ப்பை முதலில் படியுங்கள், நூலை அடுத்துப் படியுங்கள், பிறகு 8பி பிரிவைப் படியுங்கள். அது சில வரிகள்தான்.

அந்தப் பிரிவு இன்றும் இருக்கிறது. ஆலோசனைக் குழு உண்டு, அதிபருக்கு ஒரு பங்கும் உண்டு. ஆனால் நாளை அந்தச் சட்டத்தில் ஒருவர் தடுத்து வைக்கப்பட்டு மனுப் போட்டால், நீதிபதி அந்த மனுவை இந்த ஆண்டின் சட்டத்தை வைத்துப் பார்க்க முடியாது. 1971 ஜூலை 13இல் நின்றுதான் பார்க்க வேண்டும். அன்று என் அப்பாவுக்கு ஐந்து வயது.